சாயங்காலத்துக்குள் மறையும் கோடு

எண்பதுகளின் கடைசியில் நான் பினாங்கில், கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் மூன்று மொழிகளில் எழுதுவேன். தமிழை மட்டும் தடுமாறாமல் வாசிப்பேன். மலாய் கொஞ்சம் வரும். சீன எழுத்தை யாராவது தாளில் எழுதிக் கொடுத்தால் அப்படியே பெரிதாக்கி வரைந்துவிடுவேன். எழுதியது கோழிச்சோற்றுக் கடைக்கா சவப்பெட்டிக் கடைக்கா என்பது பலகையை மாட்டப் போகும்போதுதான் தெரியும்.

கை நன்றாக ஓடும். வாய் ஓடாது. எதிரில் ஒரு பெண் நின்றுவிட்டால் வாயோடு சேர்ந்து மூளையும் நின்றுவிடும். உள்ளங்கை மட்டும் விடாமல் வேர்க்கும். பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் இதுதான் நடந்தது. கடைசியாகப் பார்த்த பெண்ணின் அப்பா தரகரைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று விசாரித்தாராம். அதோடு பெண் பார்ப்பதையே விட்டுவிட்டேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் மத்தியானம் அவள் பட்டறைக்கு வந்தாள். கையில் மடித்த ரோஸ் நிறத் துணி. முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். முன்பு புக்கிட் தெங்காவில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தவள். தினமும் கடல் தாண்டி அக்கரைக்குப் போய்வந்து அலுத்துப்போய், வீட்டிலேயே பஞ்சுப் போர்வை தைக்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு துணிகளுக்கு நடுவில் மெல்லிய பஞ்சை விரித்து, மூன்றையும் சேர்த்துக் கையாலேயே தையல் ஓட்ட வேண்டும். அந்தத் தையல் பூவாகவும் கொடியாகவும் மீனாகவும் போக வேண்டும். சீனர்கள் பிள்ளை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததும் விருந்து வைப்பார்கள். அந்த விருந்துக்குப் பரிசாகக் கொடுக்க, சூலியா தெருவில் கடை வைத்திருந்த ஒரு சீனத்து அம்மா இந்தக் குட்டிப் போர்வைகளை வாங்கிக்கொள்வார். அவளுக்குத் தைக்கத் தெரியும், வரையத் தெரியாது.

"துணில படம் போட்டுத் தர இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று முதலாளியிடம் கேட்டாள்.

என் முதலாளி பருத்த மனிதர். மெதுவாகப் பேசத் தெரியாதவர். "நம்ம ஆளு போடுவான்! பேச மாட்டான், ஆனா போடுவான்!" என்று தூரிகையால் என்னைக் காட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ரெண்டு மீனும் ஒரு தாமரையும் போட்டுத் தருவீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் முதலாளியைப் பார்த்தாள்.

"அது சரின்னு அர்த்தம்மா" என்று முதலாளி மொழிபெயர்த்தார்.

"ஆனா ஒண்ணு அண்ணே. தைச்சு முடிச்சதும் கோடு தெரியக்கூடாது. பச்சப் புள்ள வாயில வைக்கும். பெயிண்டு வாடையும் இருக்கக்கூடாது."

மறுபடியும் தலையை ஆட்டினேன். அவள் போன பிறகுதான் கேட்டது என்னவென்று உறைத்தது. என் தொழிலில் கோடு நிற்க வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் பேருந்துப் புகைக்கும் தாங்க வேண்டும். அவளுக்கோ ஊசி தாண்டிப் போகிற வரைக்கும் நிற்கிற கோடு வேண்டும். தாண்டியதும் அது போய்விட வேண்டும். அப்படி ஒரு கோட்டை நான் அதுவரை போட்டதில்லை.

பட்டறை முழுக்க பெயிண்ட் என்பதால் துணியை அங்கே விரிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சுங்கை பினாங்கில் அவள் இருந்த அடுக்குமாடி வீட்டுக்கு நானே போனேன். மூன்றாவது மாடி. வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும். அம்மா ஒல்லியான சின்ன உருவம்; வீட்டிலிருந்த மொத்தப் பேச்சும் அவரிடம்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த அழிகிற கோடு ஒன்றே ஒன்றுதான். கயிற்றில் நீலச் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் பலகையில் நேர்கோடு விழும். எழுதி முடித்து ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். தாமரைக்குப் பின்னால் கட்டம் போட இது போதும் என்று நினைத்தேன். கயிற்றின் ஒரு முனையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுண்டினேன். கோடு அழகாக விழுந்தது. ஆனால் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பொடி பறந்து அம்மாவின் முகம், வெள்ளைப் புடவை, சாமி படம் எல்லாம் நீலமாகிவிட்டது.

அம்மா கண்ணை மட்டும் திறந்து, "தம்பி, துணிக்குக் கோடு போட வந்தியா, வீட்டுக்கு நீலம் அடிக்க வந்தியா?" என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். என்னைப் பார்த்துப் பெண்கள் சிரித்ததை முன்பும் பார்த்திருக்கிறேன். இந்தச் சிரிப்பு அப்படி இல்லை. அம்மாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு அதே துணியின் மறுபக்கத்தை மடித்து, என் மூக்கைக் காட்டி, "உங்களுக்கும் இருக்கு அண்ணே" என்று நீட்டினாள்.

படி இறங்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்த வீட்டுக்கு நான் திரும்பத் திரும்ப வர வேண்டும். வருவதற்குக் கோட்டைத் தவிர வேறு எந்தக் காரணமும் என்னிடம் இல்லை. என்னை அவள் அண்ணே என்று கூப்பிட்டது ஒரு பக்கம் உறுத்தியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை மிதித்தேன்.

அதே நீலப் பொடியால் மீனும் போட்டுக் கொடுத்தேன்; கோடு நிற்கவில்லை. அவள் கை உரச உரச உதிர்ந்துபோய், தைத்துக்கொண்டு போகும்போது மீனுக்கு வால் இல்லை. அடுத்து பென்சில். லேசாகத்தான் போட்டேன். சீனத்து அம்மா போர்வையைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கோடு தெரிகிறது என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ரப்பர் வைத்துத் தேய்த்தோம். பென்சில் போவதற்கு முன் துணி முடிமுடியாக எழும்பிவிட்டது.

"மீனுக்கு மீச மொளச்சிருச்சு" என்றார் அம்மா. "இவ்வளவுதானா உங்க தொழிலு? நான் ஒரு வழி சொல்றேன் கேளு. கோலம் போடுற மாவு. தாள்ல படத்தப் போட்டு, கோட்டு மேலயே ஊசியால குத்தி, துணி மேல வச்சு மாவ தட்டுனா படம் இறங்கிரும்."

எங்கள் தொழிலிலும் அப்படி ஒரு முறை உண்டு. நாங்கள் கரித்தூளைத் தட்டுவோம். யோசனை நல்லதாகத்தான் பட்டது. நான் ஒரு வார்த்தை மட்டும் சொன்னேன். "கல்லு மாவா?"

"சீ! பச்சப் புள்ள நக்குற துணியில கல்லு மாவா? பச்சரிசி மாவுதான். நக்குனாலும் ஒண்ணும் ஆவாது."

அன்றைக்கு மாலை பச்சரிசி மாவை மெல்லிய துணியில் முடிந்து மெதுவாகத் தட்டினேன். ரோஸ் துணியில் தாமரை வெள்ளை வெளேரென்று இறங்கியது. விசிறியை நிறுத்தியிருந்தார்கள். மூன்று பேரும் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டோம். பாதி தைத்துவிட்டு, மீதியைக் கலையாமல் தரையிலேயே விட்டுவிட்டு அவள் படுத்திருக்கிறாள்.

காலையில் பட்டறைக்கு வந்துவிட்டாள். "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க. சொன்னா நம்ப மாட்டீங்க."

போய்ப் பார்த்தேன். தாமரை வெள்ளையாக இல்லை, கறுப்பாக இருந்தது. இதழ் இதழாக, கோடு பிசகாமல், எறும்பு. தண்டிலிருந்து ஒரு வரிசை வாசற்கதவு வரைக்கும் போய், கதவு இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. என் கை அவ்வளவு சீரான வளைவை அதுவரை போட்டதில்லை. சற்று நேரம் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எறும்பு தின்னா புண்ணியம். அதுக்குத்தானே பெரியவங்க அரிசி மாவுல கோலம் போடச் சொன்னாங்க."

"புண்ணியம் வாசல்ல இருக்கட்டும்மா. பஞ்சுக்குள்ள வேணாம்லா!" என்று அவள் போர்வையைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போய் உதறினாள். பஞ்சுக்குள் குடியேறியவை வெளியே வர மறுத்தன. தையலைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

"ஆனா ஒண்ணு" என்றார் அம்மா விட்டுக்கொடுக்காமல். "கோடு சுத்தமா போயிருச்சா இல்லையா? அதச் சொல்லு."

அது உண்மை. எறும்பு தின்ற இடத்தில் ஒரு தடயமும் இல்லை.

இதற்கெனவே பேனாக்கள் வந்திருக்கின்றன என்று பட்டறைக்கு வந்த ஒரு தையற்காரர் சொன்னார். கேம்பல் தெருவில் தையல் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் என்றார். சனிக்கிழமை போனேன். வாசலில் நின்று பார்த்தால் உள்ளே முழுக்கப் பெண்கள். பொத்தான், ரிப்பன், ஜரிகை, நூல்கண்டு. நான் இரண்டு முறை கடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். பிறகு உள்ளே நுழைந்து, யாரையும் பார்க்கக் கூடாது என்று எதிரில் இருந்த அலமாரியை உற்றுப் பார்த்தபடி நின்றேன். அது பெண்களின் உள்ளாடைக்குத் தைக்கும் கொக்கிகள் தொங்கிய அலமாரி என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் தன் மகளை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

"என்ன வேணும் அங்கிள்?" என்று விற்பனைக்கு நின்ற சீனப் பெண் மலாயில் கேட்டாள்.

நான் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். பிறகு அதைக் கையால் அழித்துக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டாள். அப்படிக் கேட்டவன் நான் முதல் ஆளாக இருக்க முடியாது. இரண்டு பேனாக்களை எடுத்து வைத்தாள். நீலம் தண்ணீர் பட்டால் போகும். ஊதா தானாகவே போகும்.

தானாகவா? நான் சந்தேகமாகப் பார்த்ததைக் கண்டு, அவள் குனிந்து என் சட்டைப் பையின் மேலேயே ஊதாப் பேனாவால் ஒரு பூனையை வரைந்துவிட்டாள். "நாளைக்கு ஹிலாங்" என்றாள். காணாமல் போய்விடும் என்று அர்த்தம்.

நெஞ்சில் பூனையோடு பட்டறைக்குத் திரும்பினேன். முதலாளி விடவில்லை. "கோடு போடப் போனவன் மேலயே கோடு போட்டு அனுப்பிட்டாங்களா? யாருடா அது?" அன்று வந்தவர்கள் எல்லோருக்கும் பூனையைக் காட்டினார். மாலையில் குனிந்து பார்த்தேன். பூனையின் வால் மட்டும் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதுவும் இல்லை.

தானாக மறைகிற பேனாவை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் நீலத்தைத்தான் எடுத்துப் போனேன். நன்றாக எழுதியது. எறும்பு வராது, பொடி பறக்காது. துணியை விறைப்பாகப் பிடிக்க அவள் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவு பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வளைவைப் போட்டுக்கொண்டே கையை நகர்த்தினேன். நிமிர்ந்து பார்த்தால், போட்ட வளைவைக் காணோம்.

"அண்ணே, கோடு எங்க?"

என் கைக்கு அடியில் போயிருந்தது. உள்ளங்கையின் ஈரம் பட்ட இடமெல்லாம் துணி சுத்தமாக இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடி போயிற்று.

"பேனாவ இவரு வலது கையில பிடிக்கிறாரு, ரப்பர அதே கையில வச்சிருக்காரு" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா வந்து குனிந்து பார்த்தார். "தண்ணீர்மலைக் கோயில் படி ஏறி வந்தவன் மாதிரில்ல வேர்க்குது! தம்பிக்கு ஒடம்புக்கு என்ன? ஃபேன வேகமா வை. துண்டு எடுத்துட்டு வா." அவள் துண்டு எடுக்க எழுந்து போனாள். கை உடனே காய்ந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் ஈரம். அம்மா என் கையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நீலப் பேனாவை விட்டதற்கு என் கை மட்டும் காரணம் இல்லை. ஒரு போர்வையில் கோட்டை அலசாமலே அவள் இஸ்திரி போட்டுவிட்டாள். சூடு பட்ட கோடு பழுப்பாகி, எத்தனை அலசியும் போகவில்லை. அதையும் சீனத்து அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிவிட்டார்.

ஆக ஊதாவுக்கு வந்து சேர்ந்தோம்.

அந்தப் பேனாவைப் பற்றி எவ்வளவு நல்லது சொன்னாலும் தகும். காலையில் போட்டால் மாலைக்குள் மறையும். மாலையில் போட்டால் விடிவதற்குள் மறையும். பினாங்கின் ஈரக்காற்றுக்கு அது இன்னும் கொஞ்சம் அவசரப்படும். அதனால் முழுப் போர்வைக்கும் சேர்த்து ஒரே நாளில் படம் போட்டு வைக்க முடியாது. அன்றன்றைக்குத் தைக்கிற அளவுக்குத்தான் போட முடியும். மறுநாள் மீதிக்கு நான் மறுபடியும் வந்தாக வேண்டும். அதாவது தினமும்.

வேலை முடிந்ததும் பெயிண்டைக் கழுவிக்கொண்டு, சைக்கிளில் சுங்கை பினாங்குக்குப் போவேன். ஒரு சாண் அகலத்துக்கு இலையோ இதழோ போட்டுக் கொடுப்பேன். அவள் உட்கார்ந்து அதைத் தைப்பாள். அம்மா தேநீர் கொண்டுவருவார். தேநீரைக் குடித்தபடி, அடுத்த சாணுக்கு இடம் பார்க்கிற மாதிரி துணியையே பார்த்துக்கொண்டு இருப்பேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. துணியைப் பார்த்துக்கொண்டே பேசினால் எனக்குப் பேச்சு வந்தது. சவப்பெட்டிக் கடைப் பலகையைத் தலைகீழாக மாட்டிய கதையை முழுதாகச் சொன்னேன். எறும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டதைக்கூடச் சொன்னேன். அவள் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். நிறுத்தினால் நேரமாகும், நேரமானால் கோடு மங்கும், மங்கினால் நான் மறுபடி போட வேண்டும். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அண்ணே என்று கூப்பிடுவதை அவள் எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. ஒருநாள் கவனித்தேன், "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அழிக்கவில்லை. தானாகப் போய்விட்டது.

முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன்டா, ரெண்டு நாள் நிக்கிற மாதிரி ஒரு பேனா வாங்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்ல?"

"அது சரிவராது முதலாளி. இதுதான் நல்லது."

"யாருக்குடா நல்லது?" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

மழைக்காலம் வந்தது. ஊதாக்கோடு இன்னும் சீக்கிரம் ஓட ஆரம்பித்தது. ஒரு மாலை நல்ல மழை. நான் ஒரு பெரிய பூவைப் போட்டு முடித்துத் தேநீர் கோப்பையை எடுத்தேன். அவள் ஊசியில் நூல் கோத்து நிமிர்வதற்குள் பூ பாதி இல்லை. மறுபடி போட்டேன். மறுபடி போயிற்று. அம்மா தன் காப்பியைக் கலக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இது என்ன பேய் எழுத்து! பாத்துக்கிட்டே இருக்கும்போதே ஓடுது. தள்ளு."

கையிலிருந்த கரண்டியை முந்தானையில் துடைத்தார். அதன் காம்பு நுனியால், கண்ணுக்குத் தெரிந்த மிச்சக் கோட்டின் மேல் அழுத்தி இழுத்தார். துணி மடிந்த மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. நிறம் இல்லை, பொடி இல்லை, ஈரம் இல்லை. அடியில் பஞ்சு இருந்ததால் பள்ளம் அழகாக அமுங்கி நின்றது. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு இதழும் எடுப்பாகத் தெரிந்தது.

நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். தேநீர் ஆறியது. கோடு அப்படியே இருந்தது.

"இதுக்கு எதுக்குடி பேனா?" என்றார் அம்மா, தன்னாலேயே நம்ப முடியாமல். பிறகு என்னிடம், "தம்பி, நீ படத்த மட்டும் தாள்ல போட்டுக் குடுத்துரு. குத்தி எடுத்து நானே கரண்டியால கீறிக்கிறேன். தெனம் மூணு மாடி ஏறி வந்து நீ ஏன் செரமப்படணும்? எப்படி இருக்கு, சொல்லு."

அவளும் என்னைப் பார்த்தாள்.

துணி பிய்ந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். நூல் அறுந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார்கள். நான் குனிந்து விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். இத்தனை மாதமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதுதான். தைத்து முடித்து அலசினால் நீவி விட்டது போலப் போய்விடும். பச்சைப் பிள்ளை வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

"இதுதான் நல்லது" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுக்க வேண்டிய இடம் அது இல்லை.

மீனும் தாமரையும் கொடியும் மயிலுமாகத் தாள் தாளாக வரைந்து, மறுநாள் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். அதற்குப் பிறகு அங்கே போக என்னிடம் காரணம் எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் பட்டறையிலேயே உட்கார்ந்து கழுவிய தூரிகைகளையே திரும்பக் கழுவினேன். முதலாளி கொஞ்ச நாள் பார்த்தார். "தூரிகையில இனிமே முடியே இருக்காது. வீட்டுக்குப் போடா" என்றார், அவருக்கு வராத மெல்லிய குரலில்.

அப்போது கடைத்தெருவில் ஒரு புது மளிகைக் கடைக்குச் சுவரிலேயே பெயர் எழுத வேண்டியிருந்தது. முதலாளி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் மேலே நின்று எழுதிக்கொண்டிருந்தேன். கீழே கடை வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் ஒருவர் பூ கட்டி விற்றுக்கொண்டிருந்தார். பாதி எழுத்து முடிந்திருக்கும்.

"கரண்டி சரிவரல!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

குடையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தெருவில் வண்டிச் சத்தம். "என்னது?" என்றேன்.

"கரண்டி! சரிவரல!"

பூக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன கரண்டி தங்கச்சி?"

"கோடு விழலையா?" என்று நான் மேலேயிருந்து கேட்டேன்.

"நல்லாத்தான் விழுது. போட்டா போக மாட்டேங்குது. மறுநாளும் அப்படியே இருக்கு."

"அப்ப நல்லதுதானே?"

"என்ன நல்லது?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மாவுக்குக் கரண்டி போதும். எனக்குப் போதாது. தெனம் போற கோடுதான் எனக்கு வேணும். தெனம் போட ஆள் வரணும். புரியுதா இல்லையா?"

தூரிகையிலிருந்து சிவப்புப் பெயிண்ட் சொட்டி முதலாளியின் தோளில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. நான் தலையை ஆட்டினேன்.

"மேல நின்னு தலையாட்டுனா கீழ யாருக்குடா தெரியும்?" என்று முதலாளி கத்தினார். "இந்த ஒரு தடவ நான் மொழிபெயர்க்க மாட்டேன். வாயத் தொறந்து சொல்லு!"

"புரியுது!" என்று நானும் கத்தினேன். "வர்றேன்! இன்னிக்கே வர்றேன்!"

"எதுக்கு வர்றீங்க? கோடு போடவா?" என்று அவள் விடாமல் கேட்டாள்.

எதிர்க்கடைப் பையன்கள் வெளியே வந்து நின்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் தவிர்த்துவந்த எல்லாம் ஒரே நேரத்தில் கீழே கூடி நின்று என்னை அண்ணாந்து பார்த்தன. இறங்கி வந்து சொல்லலாம் என்றால் முதலாளி ஏணியின் முதல் படியில் காலை வைத்து மறித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு கேக்க வர்றேன்!" என்றேன்.

கடைத்தெருவில் அன்று அதைக் கேட்காதவர்கள் இருந்தால் அவர்கள் ஊரில் இல்லை என்றுதான் அர்த்தம். அவள் குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டு வேகமாக நடந்துபோய்விட்டாள். பூக்காரர் மட்டும் தொழில் நினைவோடு, "சாயங்காலம் போகும்போது பூ வாங்கிட்டுப் போங்கண்ணே" என்றார். திரும்பிப் பார்த்தால், மளிகை என்பதில் என் 'ளி' சுவரில் ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது.

மாலையில் பூவோடு மூன்று மாடி ஏறினேன். அம்மா கம்பிக் கதவைத் திறந்தார். "வா தம்பி. என் கரண்டியக் காலையில இருந்து காணோம். இவள கேட்டா எனக்குத் தெரியாதுங்கறா. வீட்டுல ரெண்டே பேரு. நான் எடுக்கல."

அவள் அடுப்படிக்குள் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் கழுவுகிற அளவுக்கு அந்த வீட்டில் பாத்திரம் இல்லை. தரையில் ரோஸ் துணி விரித்திருந்தது. வழக்கமாக உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தேன். பூப்பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா எதிரில் உட்கார்ந்தார்.

துணியையே பார்த்தபடி, வழியெல்லாம் சைக்கிளில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். எனக்கு வேலை இருக்கிறது, கெட்ட பழக்கம் கிடையாது, பேச்சும் இப்போது ஓரளவு வருகிறது, உங்கள் மகளை எனக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"துணிகிட்ட ஏன் தம்பி கேக்குற?" என்றார். "அது என்ன சொல்லும்? பெத்தவ இங்க இருக்கேன். என்னப் பாத்துக் கேளு."

நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடியும் கேட்டேன். பாதிக்கு மேல் மறந்துபோயிற்று. மகளை மட்டும் மறக்காமல் கேட்டுவிட்டேன்.

"சரி" என்றார் அம்மா. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏய், சரின்னு சொல்லிட்டேன். அந்தப் பாத்திரத்த விட்டுட்டு வா" என்று குரல் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நாள், நட்சத்திரம் எல்லாம் அப்புறம் பேசலாம். நாளைக்குக் காலையில சீனத்தம்மா கடையில இந்தப் போர்வையக் குடுக்கணும். இன்னும் ரெண்டு மீன் பாக்கி. பேனா கொண்டுவந்திருக்கியா இல்லையா?"

கொண்டுவந்திருந்தேன். மீனின் வாயிலிருந்து தொடங்கினேன். வாலுக்கு வருவதற்குள் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, துணியின் அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.